முதன்முறை சிங்கப்பூர் பயணம்: சாங்கியில் இறங்குவதில் இருந்து வெளியே வருவது வரை

சென்னையில் இருந்தோ திருச்சியில் இருந்தோ சிங்கப்பூருக்கு விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரம்தான். முதன்முறை போகிறவர்களுக்கு, அதிலும் மகனையோ மகளையோ பார்க்கத் தனியாகக் கிளம்பும் பெற்றோருக்கு, விமானத்தைவிட இறங்கிய பிறகு நிற்க வேண்டிய குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசைதான் பெரிய கவலை. "ஆபீசர் என்ன கேப்பாரு? இங்கிலீஷ்ல கேட்டா என்ன சொல்றது? திருப்பி அனுப்பிடுவாங்களா?" என்று ஒரு வாரத்துக்கு முன்பே தூக்கம் கெட்டுவிடுகிறது.

அந்தக் கவலையைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன். கவுன்டரில் நிற்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் அதிகாரி உங்களுக்குப் பரீட்சை வைப்பதில்லை. உங்கள் பாஸ்போர்ட், விசா, அரைவல் கார்டு என்ற வருகைப் படிவம், திரும்பும் டிக்கெட், நீங்கள் வாயால் சொல்லும் பதில் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கிறார். ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஆகவே முக்கால்வாசி வேலை வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. மீதியை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் வேலை: பாஸ்போர்ட்டும் விசாவும்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் போக விசா தேவை. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் இங்கே சொல்லும் மற்ற எல்லாமே அவர்களுக்கும் பொருந்தும். சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தை எல்லோரும் ஐசிஏ என்றுதான் சொல்வார்கள். விசா கொடுப்பதும், எல்லையில் உங்களைச் சோதிப்பதும் அவர்கள்தான். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டுகள் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்). ஏஜென்ட் அதற்கு மேல் தன் கூலியைச் சேர்ப்பார். விசா மின்னஞ்சலில் வரும். அதைக் காகிதத்தில் அச்சடித்து இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறதே என்று விட வேண்டாம். இறங்கும் நேரத்தில் சார்ஜ் தீர்ந்த போன் எதற்கும் உதவாது.

விசா கையில் வந்ததும் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் இது பெரிய விஷயம். சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் முழுதாக இருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, விசாவிலும் டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் கிளம்பும் முன் சரிசெய்வது சுலபம்.

ஒரு விஷயத்தில் பலருக்குக் குழப்பம். விசாவில் போட்டிருக்கும் கடைசித் தேதி, அதுவரை நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழையலாம் என்பதற்கானது. எத்தனை நாள் தங்கலாம் என்பது நுழையும்போதுதான் முடிவாகும்.

 ஈசிஆர் முத்திரை, அதாவது வேலைக்கு வெளிநாடு போகும் முன் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு, உள்ள பாஸ்போர்ட்டா என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்திய அரசு குடிபெயர்வு அனுமதி கேட்கும் 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை.

இரண்டாவது: அரைவல் கார்டு

முன்பு விமானத்தில் ஒரு வெள்ளை அட்டை கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். இப்போது அது கிடையாது. அதற்குப் பதில் எஸ்ஜி அரைவல் கார்டு என்று இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அதாவது 10ஆம் தேதி இறங்குகிறீர்கள் என்றால் 8ஆம் தேதியில் இருந்து நிரப்பலாம். அதற்கு முன்பே நிரப்ப முயன்றால் தளம் ஏற்காது.

இதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தேடிப் பார்த்தால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, இந்தக் கார்டுக்குப் பணம் வாங்கும் தளங்கள் மேலே வந்து நிற்கின்றன. ஐசிஏவின் சொந்தத் தளத்திலோ 'மை ஐசிஏ' செயலியிலோ மட்டும் நிரப்புங்கள். சிங்கப்பூர் அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் எஸ்ஜி' (gov.sg) என்று முடியும். பணம் கட்ட வங்கிக் கார்டு எண் கேட்கும் பக்கம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னொன்று: அரைவல் கார்டு விசா ஆகாது. விசா தேவைப்படுபவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

நிரப்பும்போது தவறு நடக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, தேதி. நம் ஊரில் இருந்து பல விமானங்கள் இரவில் கிளம்புகின்றன. 9ஆம் தேதி இரவு பதினொன்றே முக்காலுக்குச் சென்னையில் ஏறினால் 10ஆம் தேதி காலை ஆறரை வாக்கில் இறங்குவீர்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. கார்டில் கேட்பது இறங்கும் தேதி.

இரண்டாவது, முகவரி. ஹோட்டல் என்றால் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். உறவினர் வீடு என்றால் பெரும்பாலும் அது அரசு அடுக்குமாடி, அதாவது வீவக வீடு. அதன் முகவரியில் நான்கு துண்டுகள் இருக்கும்: புளோக் எண், தெருப் பெயர், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. வீட்டு எண் '#08-145' என்பதுபோல் இருக்கும்; எட்டாவது மாடி, 145ஆம் வீடு என்று பொருள். "மகன் வீடு ஈசூன்ல" என்று தெரிந்தால் மட்டும் போதாது. இந்த நான்கையும் மகனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சல் குறியீடு சரியாக இருந்தால் அங்கே எந்தக் கட்டடத்தையும் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, மின்னஞ்சல். இது பலர் கவனிக்காத இடம். நீங்கள் எத்தனை நாள் தங்கலாம் என்ற தகவல் பிறகு இந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அப்பாவுக்கு மின்னஞ்சல் இல்லை என்று ஏஜென்ட்டின் முகவரியைப் போட்டுவிட்டால் அந்தத் தகவல் உங்களுக்கு வந்து சேராது. பிள்ளைகளின் முகவரியைக் கொடுங்கள்.

உடல்நலம் பற்றிக் கேட்கும் நலப் பிரகடனமும் இதே படிவத்தில்தான் வரும். அனுப்பி முடித்ததும் வரும் உறுதிப்பக்கத்தை அச்சடித்து விசாவோடு சேர்த்து வையுங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2026 ஜனவரி 30 முதல், நுழைவுத் தகுதி இல்லாதவர்களை விமானத்தில் ஏற்றவே வேண்டாம் என்று ஐசிஏ விமான நிறுவனங்களுக்கு முன்கூட்டியே உத்தரவு அனுப்பும் முறை வந்துவிட்டது. விசா இல்லாதவரோ, பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லாதவரோ சாங்கி வரை போய்த் திரும்புவதற்குப் பதில் சென்னை கவுன்டரிலேயே நிறுத்தப்படலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் போகிறவர்கள் கையில் ஐபிஏ கடிதம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் முன் அனுமதிக் கடிதம் அது. நுழைவு விசாவும் அதுவேதான். அரைவல் கார்டு உங்களுக்கும் உண்டு.

வொர்க் பெர்மிட்டில் போகும் தம்பிகளுக்கு ஒன்று. ஐபிஏ கடிதத்தை உங்கள் தாய்மொழியிலும் உங்களுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது விதி. தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்தில் உள்ள சம்பளமும் ஒன்றா என்று விமானம் ஏறும் முன் பாருங்கள். கடிதம் உண்மையானதா என்று மனிதவள அமைச்சின் தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டுகிற குடும்பங்களுக்கு இந்த ஐந்து நிமிட வேலை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது அப்புறம்தான் தெரியும்.

சுற்றுலா அனுமதியில் போய் வேலை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது குற்றம்.

மூன்றாவது: பெட்டி கட்டும்போது

சுங்கச் சோதனையில் மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கடத்தல்காரர்கள் இல்லை. பாசமாகப் பெட்டி கட்டியவர்கள்தான். நம் வீட்டுப் பெட்டியில் சாதாரணமாக இருக்கும் சில பொருள்களுக்குச் சிங்கப்பூரில் தடை இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கசகசா. குருமாவுக்கும் பாயசத்துக்கும் போடுகிறோம், நமக்கு அது மளிகைச் சாமான். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வருகிறது, ஏனென்றால் அபின் செடியின் விதை அது, மார்ஃபின் ஒட்டியிருக்கலாம். எடுத்துப்போகக் கூடாது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அந்தப் பொடியையும் விட்டுவிடுங்கள்.

புகையிலை கலந்த பான் மசாலா, குட்கா, கைனி, மூக்குப்பொடி எதுவும் கூடாது. மின்சிகரெட் அறவே தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். சூயிங் கம் கொண்டுபோகக் கூடாது. பேரப்பிள்ளைக்கு என்று தீபாவளி நேரத்தில் மத்தாப்பு, கேப் வைப்பதும் கூடாது. துப்பாக்கி வடிவ லைட்டருக்கும் தடை.

இறைச்சி. உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய், கோழிக்கறி வறுவல் என்று இந்தியாவில் இருந்து இறைச்சி எந்த வடிவத்திலும் கொண்டுபோக முடியாது. எந்த நாட்டில் இருந்து இறைச்சி வரலாம் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நம் நாடு அதில் இல்லை. முட்டைக்கும் அதே கதைதான். மீன், கருவாடு சொந்த உபயோகத்துக்கு 5 கிலோ வரை போகலாம். முறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய், வத்தல் எல்லாம் சொந்த உபயோக அளவில் தாராளமாகப் போகும். நன்றாக ஒட்டிய பாக்கெட்டில் போட்டு, மேலே என்னவென்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். சோதிக்கும் அதிகாரிக்கு வெள்ளைப் பொடி, பழுப்புப் பொடி என்றுதான் தெரியும். அது இட்லிப் பொடி என்று சீட்டுதான் சொல்ல வேண்டும். வேர் உள்ள செடி, கன்று, விதை வேண்டாம்.

மருந்து. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரைகளைச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத் தேவை வரை எடுத்துப்போகலாம். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையில் உள்ள பெயர்தான் சாட்சி. ஆனால் தூக்க மாத்திரை, மனப் பதற்றத்துக்கான மாத்திரை, கடுமையான வலிநிவாரணி, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டிவரும். அல்பிரசோலம், டயசிபாம் இரண்டும் நம் ஊரில் வயதானவர்கள் பலர் சாப்பிடுகிற மாத்திரைகள். டாக்டரிடம் ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயரையும் எழுதி வாங்கி, ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். விண்ணப்பம் பரிசீலிக்க நாள் ஆகும் என்பதால் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது.

பிறர் கொடுக்கும் பார்சல். "எங்க பையன்கிட்ட இத மட்டும் குடுத்துருங்க" என்று பக்கத்து வீட்டார் கொடுப்பது நம் வழக்கம். மறுப்பது சங்கடம்தான். ஆனால் பெட்டிக்குள் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போதைப்பொருள் கடத்தினால் சிங்கப்பூரில் மரண தண்டனை. உங்கள் கண் முன்னால் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, நீங்களே கட்டினால் மட்டும் வாங்குங்கள். ஒட்டிய பார்சல் என்றால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், வேண்டாம்.

எல்லாத் தாள்களையும் கைப்பையில் ஒரே உறையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டால் குடிநுழைவு கவுன்டரில் அவை கைக்கு வராது. பெட்டி அதற்கு அப்புறம்தான் வரும்.

நான்காவது: இறங்கியதும்

சாங்கியில் நான்கு முனையங்கள். இப்போதுள்ள முனையங்களில் பழையது 1981இல் திறந்த முதல் முனையம், புதியது 2017இல் திறந்த நான்காவது. எதில் இறங்கினாலும் நடைமுறை ஒன்றுதான். முதல் மூன்று முனையங்களில் விமானத்தை விட்டு வெளியே வந்ததும் கடைகளும் கூட்டமுமாக இருக்கும். புறப்படுகிறவர்களும் வந்து இறங்குகிறவர்களும் அங்கே ஒன்றாகவே நடமாடுவார்கள். வேறெங்கோ வந்துவிட்டோமோ என்று திகைக்க வேண்டாம். 'அரைவல்' என்ற பலகையைப் பின்தொடர்ந்து நடந்தால் ஒரு தளம் கீழே குடிநுழைவு மண்டபம் வரும்.

அவசரப்பட வேண்டாம். வழியில் கழிவறை இருக்கும், முகம் கழுவிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. விமான நிலைய இலவச வைஃபையில் இணைந்து "இறங்கிட்டோம்" என்று வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். உதவியாளர் குடிநுழைவு, பெட்டி எடுப்பது என்று கூடவே இருந்து வெளியே கொண்டுவந்து விடுவார். தனியாக வரும் அம்மாவுக்கு நடக்க முடிந்தாலும்கூட, முதல் பயணத்துக்கு இந்த உதவி பெரிய ஆறுதல்.

வேறு நாட்டுக்குப் போகும் வழியில் சாங்கியில் விமானம் மாறுகிறவர்கள் இந்த மண்டபத்துக்கே வரத் தேவையில்லை, ஒரே டிக்கெட்டில் பெட்டியும் கடைசி ஊர் வரை போடப்பட்டிருந்தால். இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கலாம். அப்போது விசா தேவைப்படும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் விசா உள்ள இந்தியர்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாமல் வெளியே வந்துபோகும் சலுகை உண்டு. நிபந்தனைகளை ஐசிஏ தளத்தில் படித்துவிட்டு நம்புங்கள்.

ஐந்தாவது: குடிநுழைவு

2024இல் இருந்து எல்லா நாட்டுப் பயணிகளும் தானியங்கி வாயிலைப் பயன்படுத்தலாம். முன்பதிவு எதுவும் வேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள குடும்பங்கள் மட்டும் அதிகாரி உள்ள கவுன்டருக்குப் போக வேண்டும்.

வாயில் இப்படி இயங்கும். பாஸ்போர்ட்டின் அட்டை, உறை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். புகைப்படம் உள்ள பக்கத்தைத் திறந்து கண்ணாடிப் பலகை மேல் குப்புற வைத்து, படிக்கும் வரை அசைக்காமல் பிடியுங்கள். முதல் கதவு திறக்கும். ஒருவர் மட்டும் உள்ளே போக வேண்டும். கணவன் பின்னாலேயே மனைவியும் நுழைந்தால் இயந்திரம் நின்றுவிடும். உள்ளே எதிரில் ஒரு திரை. மூக்குக்கண்ணாடி, தொப்பியைக் கழற்றிவிட்டு அதைப் பாருங்கள். கண்ணின் கருவிழியையும் முகத்தையும் படமெடுக்கும். விரல் ரேகை கேட்டால் திரையில் காட்டும் விரலை வையுங்கள். சரி என்றால் இரண்டாவது கதவு திறக்கும், நீங்கள் சிங்கப்பூருக்குள் வந்துவிட்டீர்கள்.

இயந்திரம் ஏற்காவிட்டால் பதற வேண்டாம். வீட்டு வேலை, வயல் வேலை செய்து ரேகை தேய்ந்த கைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அங்கே நிற்கும் பணியாளர் கவுன்டருக்கு அனுப்புவார், அவ்வளவுதான்.

கவுன்டரில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் இருக்கிறதா. பதில் இப்படி இருந்தால் போதும்:

"எங்கே தங்குறீங்க?"
"மகன் வீட்டில், ஈசூன்." (முகவரித் தாளை நீட்டவும்.)
"எத்தனை நாள்?"
"இருபது நாள்." (திரும்பும் டிக்கெட்டை நீட்டவும்.)

கேட்டதற்கு மட்டும் பதில். மருமகளுக்குப் பிரசவம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்றால் அதையே சொல்லுங்கள். பேரக்குழந்தையைப் பார்க்க வருவதில் மறைக்க எதுவும் இல்லை. "சும்மா டூர்" என்று சொல்லச் சொல்லி யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அரைவல் கார்டில் உறவினர் வீடு, வாயில் டூர் என்றால் அங்கேதான் சந்தேகம் பிறக்கிறது. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று சொல்லலாம். தமிழ் அந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தமிழ் பேசும் அதிகாரி பக்கத்தில் இருந்தால் உதவுவார்.

பெற்றோரைத் தனியாக அனுப்பும் பிள்ளைகள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் ஆங்கிலத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: இவர் என் தாய், என் பெயர், என் முகவரி, என் கைபேசி எண், தங்கும் நாட்கள், திரும்பும் விமானம். கீழே தமிழிலும் அதையே எழுதுங்கள், அம்மாவுக்குத் தான் என்ன நீட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். உங்கள் போனை அந்த நேரம் கையிலேயே வைத்திருங்கள், அதிகாரி அழைக்கக்கூடும்.

சிலரைத் தனி அறைக்கு அழைத்துப் போய் இன்னும் சில கேள்விகள் கேட்பார்கள். அதைக் கைது என்று நினைக்க வேண்டாம். கூடுதல் சோதனைதான். தங்குமிடம், கைச்செலவுக்குப் பணம், அழைத்தவர் யார் என்று பார்ப்பார்கள். அமைதியாக, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். மண்டபத்தில் படம் எடுக்கக் கூடாது.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தவில்லையே என்று திரும்பிப் போய்க் கேட்க வேண்டாம். இப்போது முத்திரை கிடையாது. அதற்குப் பதிலாக மின்-அனுமதி உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்.

ஆறாவது: பெட்டியும் சுங்கமும்

திரையில் விமான எண்ணைப் பார்த்து உங்கள் பட்டைக்குப் போங்கள். ஒரே நிறப் பெட்டிகள் நிறைய வரும். ஒட்டிய சீட்டின் எண்ணைப் பார்த்து எடுங்கள்.

பெட்டி வரவில்லை, உடைந்திருக்கிறது என்றால் வெளியே போகும் முன் அங்கேயே உள்ள சாமான் உதவிக் கவுன்டரில் எழுத்தில் புகார் கொடுத்து, எண் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவும் சிங்கப்பூரும் ஏற்ற மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். வெளியே போய்விட்டால் நிரூபிப்பது கஷ்டம்.

அடுத்து இரண்டு வழி: பச்சை, சிவப்பு. சொல்ல எதுவும் இல்லை என்றால் பச்சை. வரி கட்டவோ, கேட்டுத் தெரிந்துகொள்ளவோ ஏதாவது இருந்தால் சிவப்பு. பச்சை வழியிலும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திப் பெட்டியை எக்ஸ்ரேயில் போடச் சொல்வார்கள். சந்தேகமாக ஒரு பொருள் இருந்தால் தயங்காமல் சிவப்பு வழியில் போய், "இது இருக்கிறது, கொண்டுபோகலாமா?" என்று கேளுங்கள். தானாகச் சொல்கிறவருக்கும் பிடிபட்டவருக்கும் நடத்தப்படும் விதம் வேறு.

புதிதாக வாங்கிய பொருள், பரிசுப் பொருள்களுக்குக் கணக்கு இப்படி. 48 மணி நேரத்துக்கு மேல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்து வருகிற பயணிக்கு 500 வெள்ளி மதிப்பு வரை பொருள் சேவை வரி இல்லை. அதைவிடக் குறைந்த நேரம் என்றால் 100 வெள்ளி. மேலே போனால் மிச்சத்துக்கு 9 சதவீதம். 800 வெள்ளிப் புதுச் சங்கிலியைப் பரிசாகக் கொண்டுபோனால் 300 வெள்ளிக்கு 27 வெள்ளி வரி. நீங்கள் அணிந்து பழகிய சொந்த நகை இதில் வராது. சிங்கப்பூர் வேலை அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

மதுவுக்குத் தனிக் கணக்கு. 18 வயதுக்கு மேல், 48 மணி நேரம் வெளியே இருந்து, மலேசியா வழியாக வராதவர் என்றால் மொத்தம் 2 லிட்டர் வரை. அதில் கடும் மது 1 லிட்டருக்கு மேல் கூடாது.

எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் 20,000 வெள்ளிக்கு மேல் மதிப்பு இருந்தால், வந்து சேரும் முன் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவித்தாக வேண்டும்.

ஏழாவது: வெளியே வந்ததும்

அழைத்துப்போக யாராவது வருகிறார்கள் என்றால் எந்த முனையம் என்பதை முதல்நாளே பேசிவிடுங்கள். விமான எண்ணைக் கொடுத்தால் போதும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தனியாகப் போகிறவர்களுக்குப் பெருவிரைவு ரயில் மலிவு. நிலையம் இரண்டாவது, மூன்றாவது முனையங்களின் அடியில் இருக்கிறது. முதல் முனையத்தில் இருந்து நடந்தோ, முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயினிலோ போகலாம்; நான்காவதில் இருந்து இலவசப் பேருந்து. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் தங்குகிறவர்கள் ஒரு நிறுத்தத்தில் எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால், அதே ரயில் லிட்டில் இந்தியா நிலையம் வரை போகும். மற்ற இடங்களுக்குத் தானா மேராவில் மாறலாம். தொடுமுறை வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டியே வாயிலுக்குள் போகலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சிறிய கூடுதல் கட்டணம் உண்டு. அதிகாலை ஐந்தரைக்கு முன் ரயில் கிடையாது.

டாக்சி மீட்டர்படிதான், பேரம் பேச வேண்டியதில்லை. விமான நிலையக் கட்டணம் தனியாகச் சேரும். நள்ளிரவில் இருந்து காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாக வாங்குவார்கள். வரிசையில் நிற்கும் டாக்சியில் மட்டும் ஏறுங்கள். டிரைவரிடம் புளோக் எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் காட்டினால் போதும்.

வீட்டுக்குப் போனதும் மின்-அனுமதி வந்திருக்கிறதா என்று மின்னஞ்சலைப் பாருங்கள். குப்பை அஞ்சலிலும் தேடுங்கள். வராவிட்டால் ஐசிஏ தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். தங்கக்கூடிய கடைசித் தேதி அதில் தெளிவாக இருக்கும். திரும்பும் டிக்கெட் தேதி அதற்கு முன்பா என்று ஒப்பிடுங்கள். கூடுதலாக இருக்க வேண்டிய கட்டாயம் வந்தால், அந்தத் தேதி முடிவதற்குப் பல நாள் முன்பே இணையத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்தாலே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். காலம் கடந்து தங்குவது அங்கே குற்றம். 90 நாளைத் தாண்டினால் சிறையோடு பிரம்படியும் உண்டு. தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.